கோலம் போட்ட கப்பல்

சுனாமிக்குப் பிறகு சங்குமுனைக் குப்பத்துக்கு வந்து இறங்காத பொருளே கிடையாது. சித்திரை வெயிலில் மணல் கொதிக்கிற கரைக்கு லாரி லாரியாகக் கம்பளிக் கோட்டு வந்தது. கழுத்தில் கட்டுகிற டை வந்தது; பொம்பளைகள் அதை ஆட்டுக்குட்டி கட்ட வைத்துக்கொண்டார்கள். கொடுக்கிறவனுக்குக் கொடுத்த திருப்தி, வாங்கினவனுக்கு என்ன தேவை என்று எவன் கேட்டான்? கடைசியாக வந்த லாரியில் ஒரு பெட்டி நிறைய இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. தமிழ் தினத்தாளையே எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஊருக்கு இங்கிலீஷ் புத்தகம். நிவாரண சங்கத்தில் வேலை பார்த்த பிரிசில்லா என்ற பெண் அதையும் தூக்கியெறிய மனசில்லாமல், ஓலைக் கொட்டகை ஒன்றில் அலமாரி போட்டு அடுக்கிவைத்தாள்.

அதே சங்கம்தான் படகும் கொடுத்தது. நல்ல ஃபைபர் படகுகள், குறை சொல்ல முடியாது. ஆனால் அத்தனையும் ஒரே நீலம், பக்கவாட்டில் ஒரே புறா படம். குப்பத்தில் ஒரு பொம்பளைக்குத் தன் வீட்டுப் படகு எது என்று தெரியாமல் போனது அப்போதுதான். அதற்கு முன்னால் படகு கடுகளவு தெரிகிறபோதே "எங்க வூட்டுது வருது" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இப்போது எல்லோரும் கரையில் நின்று, படகு மணலில் ஏறி, ஆள் குதித்து இறங்குகிற வரை கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது.

2007 ஐப்பசியில் ஒரு நாள், முகத்துவாரத்தில் ஒரு படகு கவிழ்ந்துவிட்டது என்று சேதி வந்தது. எந்தப் படகு என்று கேட்டதற்கு, "நீலப் படகு" என்றான் வந்தவன். அவன் மேல் தப்பில்லை, பார்த்ததைச் சொன்னான். அன்றைக்குக் கடலுக்குப் போயிருந்த அத்தனை வீட்டிலும் ஒப்பாரி கிளம்பியது. மங்கலம் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு ஈர மணலில் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை அவள் விதவையாக இருந்தாள். பிறகு அவள் புருஷன் அருள்முருகன் சங்கரா மீனோடு வந்து இறங்கினான். செத்தது பக்கத்துத் தெரு ஆண்டி. ஆண்டியின் பெண்டாட்டி அழுதுகொண்டிருக்க, மற்றவர்கள் அழுகையை நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தியதில் மங்கலத்துக்கு இன்றைக்கும் வெட்கம்.

ராத்திரி சோறு போட்டபடியே சொன்னாள். "மாமா, இன்னொரு நாள் என்னால இப்படிக் கெடக்க முடியாது. உன் படகு தூரத்துல வரும்போதே எனக்குத் தெரியணும். சிவப்பு அடிப்பியோ பச்சை அடிப்பியோ."

"சிவப்பு அடிச்சா நாளைக்கு நாலு பேரு சிவப்பு அடிப்பான்டி. அதுக்கு வேற ஏதாவது யோசிக்கணும்" என்றான் அருள்முருகன்.

எதைச் செய்தாலும் ஊரில் இல்லாத மாதிரி செய்ய வேண்டும் அவனுக்கு. வீட்டுக் கதவுக்கே மூன்று நிறம் அடித்தவன். அவன் போய் நின்ற இடம் அந்த ஓலைக் கொட்டகை. இங்கிலீஷ் தெரியாதவன் இங்கிலீஷ் புத்தகத்தைப் புரட்டினால் படம்தானே பார்ப்பான்? ஒரு தடிமனான புத்தகத்தில் முழுக்கக் கப்பல் படங்கள். நடுப்பக்கம் வந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தான்.

"இங்க பாரு மங்கலம். வெள்ளைக்காரன் கப்பலுக்குக் கோலம் போட்டிருக்கான்."

மங்கலமும் பார்த்தாள். மலை மாதிரி பெரிய கப்பல்கள். உடம்பு முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக, கோணல் மாணலாக, மேலே ஏறி இறங்கி வளைந்து கோடுகள். ஒரு கப்பல் மாதிரி இன்னொன்று இல்லை. எதிர்ப்பக்கத்தில் இறக்கையில் சதுரம் சதுரமாகக் கட்டம் போட்ட ஒரு ஏரோப்ளேன்கூட இருந்தது.

"எதுக்கு மாமா இப்படி?"

"திருவிழாவுக்குத்தான். நம்ம மாசி மகத்துக்குப் படகு ஜோடிக்கிறோம் இல்ல, அந்த மாதிரி அவுங்களுக்கும் ஏதாவது மாதா கோயில் விழா இருக்கும். பாரு, மேல கொடிகூடக் கட்டியிருக்கான்."

மேலே கொடி கட்டித்தான் இருந்தது. கடலில் போகிற பொருளுக்கு ஒருவன் உட்கார்ந்து இவ்வளவு வண்ணம் பூசுகிறான் என்றால் சாமிக்காகத்தான் இருக்கும். சங்குமுனையில் வேறு காரணம் யாருக்குத் தோன்றும்? பிரிசில்லா மட்டும் அந்தப் பக்கம் வந்திருந்தால் சொல்லியிருப்பாள். அவள் அந்த வாரம் கணக்கு ஒப்படைக்கச் சென்னை போயிருந்தாள்.

மாசி மகத்துக்கு ஒரு வாரம் முன்னால் அருள்முருகன் படகைக் கவிழ்த்துப்போட்டு வேலையை ஆரம்பித்தான். நூல் பிடித்துக் கரியால் கோடு இழுத்து, புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து, மேலே கல் வைத்து, படத்தில் இருக்கிறது இருக்கிறபடி இறக்கினான். கறுப்பு, வெள்ளை, நடுநடுவே பழைய நீலம். முடிந்ததும் ஊரே வந்து பார்த்தது. சாமி தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வந்தபோது, முதலில் அருள்முருகன் படகைத்தான் எல்லோரும் கைகாட்டினார்கள். மங்கலத்துக்கு அன்றைக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவள் கரையில் நின்று பதறவில்லை. கோடு போட்ட புள்ளி ஒன்று தெரிந்தால் போதும், உலையை வைத்துவிடுவாள்.

சங்கம் வேலை முடிந்து கிளம்பியபோது, கொட்டகையைப் பிரித்தார்கள். பிரிசில்லாவுக்குச் சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் வேலை கிடைத்தது. அருள்முருகன் திருப்பிக் கொடுத்திருந்த கப்பல் புத்தகத்தோடு புத்தகப் பெட்டியையும் அவள் அங்கேயே கொண்டுபோய்ச் சேர்த்தாள். யாருக்கும் அதில் வருத்தமில்லை.

2009 தை மாதம், எதிர்க்கரையான இலங்கையில் சண்டை உச்சத்தில் இருந்தது. டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. கடலில் ரோந்து கப்பல் ஜாஸ்தியானது, தலைக்கு மேல் ஹெலிகாப்டர் சுற்றியது. ஒரு நாள் காலை, சாதா உடுப்பில் நாலு பேர் ஜீப்பில் வந்தார்கள். கையில் ஒரு போட்டோ. ஆகாயத்திலிருந்து எடுத்தது. அதில் அருள்முருகன் படகு அழகாக விழுந்திருந்தது.

படகுக்குள், இரண்டு நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க வைத்திருந்த டீசல் கேன்கள் இருந்தன. எல்லாப் படகிலும் இருப்பதுதான். ஆனால் எல்லாப் படகிலும் கோடு இல்லையே. "இது யாரு அடிச்ச பெயின்ட்டு? யாருக்கு அடிச்சது? எத்தனை படகுக்கு அடிச்சே?" என்று கேட்டார்கள். முதல் கேள்விக்கு, நான்தான் என்று பெருமையாகவே சொன்னான் அவன். பைத்தியக்காரன். ஜீப்பில் ஏற்றுகிறபோதுதான் அவனுக்கு விஷயம் உறைத்தது. "புத்தகத்தப் பாத்துத்தான் சார் போட்டேன், புத்தகத்தப் பாத்துத்தான் போட்டேன்" என்று தெருமுனை வரைக்கும் அவன் குரல் கேட்டுக்கொண்டே போனது.

குப்பத்துக்குத் தலைவரான ஊர் நாட்டார் சிங்காரம் மங்கலத்துக்குப் பெரியப்பா முறை. எட்டாவது வரை படித்தவர், கையெழுத்தை இங்கிலீஷில் போடுவார், ஊர் சார்பாகத் தாலுக்கா ஆபீசுக்குப் போகிறவர். பக்கத்து வீட்டு இருசம்மாள், "கடலூர்ல ஒரு வக்கீலப் பாத்துடு மங்கலம்" என்று சொன்னபோது, அவர் குறுக்கே விழுந்தார்.

"வக்கீல் எதுக்கு? தப்பு பண்ணவன் வைக்கிறது வக்கீல். நாம வக்கீலோட போயி நின்னா, சரி இவன் மேல ஏதோ இருக்குதுன்னு முடிவு பண்ணிடுவான். நம்ம பக்கம் நியாயம் இருக்குது. நானே வந்து பேசறேன்."

மங்கலத்துக்கும் அது சரியென்றே பட்டது. அந்த ஊரில் எல்லோருக்குமே அது சரியென்றுதான் படும். வலைத் தகராறோ, பொம்பளைத் தகராறோ, எதையும் நாலு பேர் உட்கார்ந்து உள்ளதைச் சொன்னால் தீர்ந்துவிடும் என்று பழகிய சனம்.

எதிர்க்கரையில் சண்டை போடுகிறவர்களுக்கு டீசல் கடத்தினான் என்று வழக்குப் போட்டு, அருள்முருகனை ரிமாண்டில் மத்தியச் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். வழக்கைப் பார்க்கிற அதிகாரி கடலூரில் ஒரு பழைய பங்களாவில் இருந்தார். சின்ன வயசு, படித்த முகம். உட்காரச் சொன்னார். சிங்காரம் ஊர், சாமி, மாசி மகம், சுனாமி எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிற வரை பொறுமையாகக் கேட்டார்.

"புத்தகத்தைப் பாத்துப் போட்டேன்னுதான் அவரும் சொல்றாரு. எந்தப் புத்தகம்னு கேட்டா பேரு தெரியலைங்கிறாரு. அப்படி ஒண்ணு இருந்தா கொண்டாங்க, பாக்கலாம்" என்றார்.

"இருக்குது சார். திருவிழாக் கப்பல் படம் போட்ட புத்தகம். நான் கொண்டாறேன்" என்றாள் மங்கலம். அழுகை நின்றுபோயிற்று அவளுக்கு. கையால் எட்டிப் பிடிக்கிற மாதிரி ஒரு பொருள் கிடைத்துவிட்டது. அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தால் மாமா வீட்டுக்கு வந்துவிடுவான்.

மறுநாளே இருவரும் சிதம்பரம் போனார்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கூட்டத்தில் இடிபட்டு, விசாரித்து விசாரித்துக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தால், பிரிசில்லா பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். உதவியாள் போனில் பிடித்துக் கொடுத்தார். மங்கலம் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டு அழுதது.

"அந்தப் புத்தகமா? நான் பிரிச்சுக்கூடப் பாக்கலை அக்கா. நம்பர்கூட ஏத்தலை, பெட்டியோட கெடக்கும். அது உங்க ஊருக்கு வந்ததுதானே, எடுத்துக்கிட்டுப் போங்க. அண்ணன் சீக்கிரம் வந்துடுவாரு, நான் ஜெபம் பண்றேன்" என்றாள் பிரிசில்லா.

பெட்டியைப் பிரித்ததும் மங்கலத்துக்குக் கண் கலங்கியது. நடுப்பக்கத்தில் அருள்முருகனின் விரல் பட்ட கறுப்பு பெயின்ட் இன்னும் ஒட்டியிருந்தது. புத்தகத்தைப் புடவைத் தலைப்பில் சுற்றி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள்.

"பெரியப்பா, இதுல என்ன எழுதியிருக்குன்னு படியேன்."

சிங்காரம் கண்ணாடியைப் போட்டார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊர் நாட்டார் அப்படிச் சொல்லிவிட முடியுமா? விரலை வைத்து எழுத்துக் கூட்டினார்.

"பிரிட்டிஷ்... நேவி... லண்டன். பாத்தியா, நேவின்னே போட்டிருக்கு. வெள்ளைக்கார கவர்மென்ட்டே பண்ண காரியம் இது. கவர்மென்ட்டு பண்ணது எப்படித் தப்பா இருக்கும்? ஒரு வார்த்தை மட்டும் ரொம்ப நீளமா இருக்குது, வாயில நொழையல. அது ஏதோ விழாப் பேரா இருக்கும்."

கடலூருக்கு முன்னால் ஆலைகள் இருக்கிற குடிகாடு தாண்டுகிறபோது ரசாயன நெடி பஸ்ஸுக்குள் புகுந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். மங்கலம் இரண்டு கையாலும் புத்தகத்தைப் பிடித்திருந்ததால் பொத்தவில்லை.

அதிகாரி அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்தார். புத்தகத்தை வாங்கி, நடுப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு ஆகாயத்திலிருந்து எடுத்த போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இதேதான். கொஞ்சம்கூட மாறலை."

"ஆமா சார். நூல் புடிச்சு, இருக்கிறது இருக்கிறபடி போட்டாரு. எங்க வூட்டுக்காரரு கை அப்படி" என்றாள் மங்கலம்.

அவர் பக்கத்திலிருந்த எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் எழுத ஆரம்பித்தார். அதிகாரி அடுத்த பக்கத்தைப் புரட்டி நிதானமாகப் படித்தார், திரும்ப முதலிலிருந்து படித்தார். பிறகு சாதாரணமாக, ஊர்க்கதை பேசுகிற மாதிரி கேட்டார்.

"ஏம்மா, இந்தப் படகு கடல்ல தூரத்துல இருக்கும்போது பாத்திருப்பீங்க இல்ல. அது கரைக்கு வருதா, கடலுக்குள்ள போவுதா, உங்களுக்குத் தெரியுமா?"

மங்கலம் இத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். படகைப் பற்றி ஒருத்தர் ஆசையாகக் கேட்கிறாரே என்று இருந்தது அவளுக்கு.

"அதான் சார் பெரிய கூத்து. எங்க படகுதான்னு தெரியும். ஆனா எது முன்னாடி, எது பின்னாடின்னு சத்தியமா தெரியாது. வருதுன்னு உலை வைப்பேன், பாத்தா அப்பதான் போய்க்கிட்டிருக்கும். வேகமா போவுதா மெதுவா போவுதான்னும் பிடிபடாது. ஊரே சொல்லிச் சிரிக்கும் சார். வேணும்னா பெரியப்பாவக் கேளுங்க."

"ஆமா சார். ஒருநாள் நானே ஏமாந்தேன்" என்றார் சிங்காரம்.

எழுத்தர் எழுதி முடித்தார். படித்துக் காட்டினார்கள். அவர்கள் சொன்னது சொன்னபடி இருந்தது, ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. மங்கலம் பெயரெழுதினாள். சிங்காரம் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம்தான் அதிகாரி புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, தமிழில் சொன்னார்.

"இது திருவிழா இல்லம்மா. முதல் உலக யுத்தம். தண்ணிக்கு அடியில இருந்து குண்டு போடறவன் கப்பலைக் குறி பாக்கணும்னா, அது எந்தத் திசையில எவ்வளவு வேகத்துல போவுதுன்னு தெரியணும். அது தெரியாம அவனைக் குழப்பறதுக்காகப் பூசின பெயின்ட்டு இது. யுத்தக் கப்பலுக்குன்னு பூசினது. அந்தக் கரையில சண்டை போடறவங்க படகுலயும் கோடு போடறாங்க."

மங்கலத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் புத்தகத்துக்குக் கை நீட்டினாள்.

"அவருக்கு இங்கிலீஷ் தெரியாது சார். நான் அடையாளம் கண்டுக்கிறதுக்காகப் போட்டது சார். நான்தான் கேட்டேன்."

"அடையாளம் தெரியறதுக்கு ஒரு பட்டை போதுமே. எதிரிக்குத் திசை தெரியாம இருக்கிற வழியை, தெரியாத்தனமாவா ஒருத்தர் இவ்வளவு கச்சிதமாச் செய்வாரு?" அவர் குரலில் கோபமில்லை. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். புத்தகத்தை ஒரு பழுப்பு உறையில் போட்டு, அரக்கு வைக்கச் சொன்னார்.

"அதைத் திருப்பிக் குடுத்துடுங்க சார்" என்றாள் மங்கலம். எழுத்தர் அரக்கை உருக்கினார்.

வெளியே வந்ததும் சிங்காரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "எனக்குப் படிக்கத் தெரியாது மங்கலம், எனக்குப் படிக்கத் தெரியாது" என்று அப்போது சொன்னார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அவரைத் திட்டக்கூட மங்கலத்துக்குத் தெம்பில்லை. கேட்டது அவள், தூக்கிக்கொண்டு வந்தது அவள், சிரித்துச் சிரித்துச் சொன்னதும் அவள்.

அதற்குப் பிறகுதான் வக்கீலிடம் போனார்கள். கடலூர் கோர்ட்டில் பேர்பெற்றவர் தட்சிணாமூர்த்தி. முழுவதையும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடிவைத்தார்.

"போன வாரம் வந்திருக்கக் கூடாதாம்மா? அவுங்க கையில ரெண்டு டீசல் கேனும் ஒரு போட்டோவும்தான் இருந்துச்சு. அத வெச்சிக்கிட்டு கோர்ட்டுல நிக்க முடியாது. ஜாமீன் வாங்கியிருப்பேன். இப்ப நீயே சாட்சி சொல்லி, கையெழுத்தும் போட்டுட்டியே."

"எத்தனை நாள்ல வெளிய வருவாரு சார்?"

"நாள்னு கேக்காத" என்றார் வக்கீல்.

சிறையில் முதல் தடவை பார்த்தபோது கம்பி வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏகப்பட்ட சனம். எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். அருள்முருகன் இளைத்திருந்தான், ஒரு கண் வீங்கியிருந்தது. ஆனால் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அதைப் பார்த்துத்தான் மங்கலம் பயந்தாள்.

"மங்கலம், அழாத. நான் சொல்றத மட்டும் கேளு. பிரிசில்லா மேடத்தப் பாரு. அந்தப் புத்தகத்த வாங்கு. நான் தலப்பாடா அடிச்சிக்கிட்டேன், ஒருத்தனும் நம்பல. திருவிழாக் கப்பல்னு அதுலயே எழுதியிருக்கும். ஜட்ஜய்யா கண்ணுல காட்டிட்டா போதும், அன்னைக்கே வுட்டுடுவாங்களாம். உள்ள ஒருத்தரு சொன்னாரு."

மங்கலம் வலையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"தேடிக்கிட்டிருக்கேன் மாமா" என்றாள்.

அடுத்த தடவையும் அவன் அதையே கேட்டான். அதற்கடுத்த தடவையும். வைகாசியில் எதிர்க்கரையில் சண்டை முடிந்தது என்று சேதி வந்தது. சண்டையே முடிந்துவிட்டது, இனி எதற்கு வைத்திருக்கப்போகிறார்கள் என்று ஊர் பேசியது. சண்டை முடிந்தால் வழக்கு முடிந்துவிடுமா? ஜாமீன் மனு ஒவ்வொன்றாகத் தள்ளுபடியானது. படகு ஏதோ ஒரு வளாகத்தில் வெயிலில் வெடித்துக் கிடப்பதாகச் சொன்னார்கள். மங்கலம் அடுத்தவர் படகு மீனை ஏலத்தில் எடுத்துத் தெருத் தெருவாக விற்றாள். பார்க்கப் போகும்போதெல்லாம், பிரிசில்லா ஊரில் இல்லை, பெட்டி வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது, சாவி இல்லை என்று புதுசு புதுசாகப் பொய் சொன்னாள். வக்கீலிடமும், வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள். அவன் உடம்பில் உயிர் ஒட்டியிருப்பது அந்தப் புத்தகத்தால்தான் என்று அவளுக்குத் தெரியும்.

2011 மாசியில் விசாரணை ஆரம்பித்தது. கோர்ட்டு ஹாலில் மின்விசிறி சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. கூண்டில் அருள்முருகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அரசுத் தரப்பு வக்கீல் ஏதோ சொல்ல, ஒரு போலீஸ்காரர் பழுப்பு உறையை எடுத்துவந்தார். அரக்கை உடைத்தார்கள். தடிமனான அந்தப் புத்தகத்தை வெளியே எடுத்து, நடுப்பக்கத்தைப் பிரித்து, நீதிபதியின் மேசைமேல் வைத்தார்கள்.

அருள்முருகன் எட்டிப் பார்த்தான். இரண்டு வருஷமாகச் செத்துக் கிடந்த முகத்தில் ரத்தம் ஏறியது. கூட்டத்தில் மங்கலத்தைத் தேடிக் கண்டுபிடித்தான். கண் நிறைய தண்ணீரோடு சிரித்து, சத்தம் வராமல் உதட்டை அசைத்துக் கேட்டான்: கெடச்சிடுச்சா?

மங்கலம் தலையாட்டினாள்.